செவ்வாயில் தண்ணீர் ஓடியதா? உப்புவெளிக் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வானியலாளர் இல்லை, திருகோணமலையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பிக்கிறவன். என்னிடம் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று உண்டு. மழை இல்லாத இரவுகளில் அதை உப்புவெளிக் கடற்கரையில் வைத்து, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். 2025 சனவரியில் செவ்வாய் சுமார் 9.6 கோடி கிலோமீற்றர் தூரத்துக்குக் கிட்ட வந்தபோது, மழை விட்ட இரவுகளில் நல்ல கூட்டம். கூட்டம் வந்தால் கேள்வியும் வரும், அதுவும் அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வரும். அலைச் சத்தத்துக்கு மேலால் ஒவ்வொரு நாளும் தொண்டை கட்டக் கத்துவதைவிட எழுதிவைப்பது சுகம்.

இந்தக் குழாயில் பார்த்தால் அங்கே ஆறு தெரியுமா?

தெரியாது. ஒரு சின்னச் செம்மஞ்சள் வட்டம் தெரியும், மேலே காற்று அசையாமல் இருந்தால் ஓரத்தில் துருவப் பனி ஒரு வெள்ளைப் பொட்டுப்போலத் தெரியும், அவ்வளவுதான். தெரிகிறது என்று நம்பியவர்களும் இருந்தார்கள். 1877இல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாப்பரெல்லி செவ்வாயில் நீளக் கோடுகளைக் கண்டதாக வரைந்தார். அவற்றுக்கு அவர் போட்ட இத்தாலியச் சொல் கால்வாய் என்றும் பொருள்படும். அமெரிக்காவில் பேர்சிவல் லோவெல் அதைப் பிடித்துக்கொண்டு, வற்றிவரும் கிரகத்தில் அறிவுள்ள யாரோ வெட்டிய நீர்ப்பாசனக் கால்வாய்கள் என்று புத்தகமே போட்டார். எல்லாம் கண் செய்த மாயம். 1965இல் மரினர் 4 விண்கலம் பக்கத்தால் பறந்து எடுத்த படங்களில் நிலாவில் இருப்பதுபோல விண்கல் விழுந்த பள்ளங்கள்தான் இருந்தன, உடனே பலர் மற்றப் பக்கம் சாய்ந்து, செவ்வாய் என்றுமே செத்த இடம் என்று எண்ணத் தொடங்கினார்கள். 1971 நவம்பரில் மரினர் 9 போய்ச் சேர்ந்தபோது கிரகம் முழுக்கப் புழுதிப் புயல். புழுதி அடங்கிய பிறகு வந்த படங்களில் இருந்தவை காய்ந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகள்! லோவெல் வரைந்த கோடுகளுக்கும் இவற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

"தம்பி, தண்ணியே இல்லாத இடத்தில முந்தித் தண்ணி இருந்ததெண்டு எப்பிடிச் சொல்லுறியள்?"

வலை இழுக்கிற ஓர் ஐயா கேட்டது இது. எனக்கு இன்றுவரை வந்த கேள்விகளில் இதுதான் சிறந்தது. "ஐயா, விடிய வந்து பார்த்தா இரவு அலை எதுவரைக்கும் ஏறினதெண்டு உங்களுக்குத் தெரியாதோ?" என்று திருப்பிக் கேட்டேன். "தெரியாம என்ன, சாதாளையும் சிப்பியும் வரிசையா ஒதுங்கிக் கிடக்குமே" என்றார். புவியியலாளர் செய்வதும் அதே வேலைதான். தண்ணீர் போய்விட்டது, ஆனால் அது கல்லை உருட்டியிருக்கிறது, பெரியதையும் சிறியதையும் தரம் பிரித்திருக்கிறது, சேற்றைப் படை படையாகப் படிய வைத்திருக்கிறது, பாறையைக் களியாக மாற்றியிருக்கிறது, கடைசியில் வற்றும்போது உப்பை விட்டுப் போயிருக்கிறது. சிக்கல் என்னவென்றால் இந்த ஒவ்வொன்றையும் வேறொன்றும் செய்யக்கூடும். காற்றும் மணலைப் படை படையாகப் போடும், எரிமலைக் குழம்பும் வாய்க்கால் வெட்டும். அதனால் ஒரே ஓர் அடையாளத்தைக் காட்டி "இதோ தண்ணீர்" என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் பொறுத்துத்தான் பார்ப்பேன். ஒரே இடத்தில் நாலு விதமான அடையாளம் ஒரே கதையைச் சொல்லும்போதுதான் எனக்கு நம்பிக்கை வரும்.

சரி, எரிமலைக் குழம்பு வெட்டிய வாய்க்காலையும் ஆற்றையும் எப்படிப் பிரித்தறிவது?

கிளைகளைப் பாருங்கள். மழைநீர் பல சின்ன ஓடைகளாகத் தொடங்கி, சேர்ந்து சேர்ந்து பெரிதாகும், மேலிருந்து பார்த்தால் மரத்தின் கிளைகள் அடிமரத்தில் வந்து சேர்வதுபோல இருக்கும். செவ்வாயின் தெற்கு மேட்டு நிலத்தில் இப்படிக் கிளைவிட்ட பள்ளத்தாக்குகள் ஏராளம். குழம்பு ஓடிய தடங்களும் அங்கே உண்டு, ஆனால் பெரும்பாலும் அவை எரிமலை வாயில் தொடங்கி, கீழே போகப் போகக் குறுகி மறைந்துவிடும்.

இன்னொரு வகை, அகலமான வெள்ளப் பாதைகள். ஏரெஸ் வாலிஸ், காசெய் வாலிஸ் என்ற பெயர்களைத் தேடிப் பாருங்கள். அங்கே நிலத்தடி நீர் பிய்த்துக்கொண்டு ஒரேயடியாகப் பாய்ந்திருக்கிறது. நடுவில் தடையாக நின்ற மேடுகளை இருபுறமும் செதுக்கி, கண்ணீர்த் துளி வடிவத் தீவுகளாக விட்டுப் போயிருக்கிறது. துளியின் வால் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் வெள்ளம் போனது.

ஆற்றுக்கல்லை நேரில் பார்த்தார்களா?

பார்த்தார்கள். கியூரியோசிட்டி ஊர்தி 2012 ஓகஸ்டில் கேல் என்ற 154 கிலோமீற்றர் அகலப் பெரும்பள்ளத்தில் இறங்கியது. சில வாரங்களிலேயே, கொங்கிறீற் தளம் உடைந்து கிடப்பதுபோன்ற ஒரு பாறையைக் கண்டது. உள்ளே உருண்டைக் கூழாங்கற்கள், மணலோடு சேர்ந்து இறுகிப்போய். கூர்மூலை போய்க் கல் உருண்டையாவதற்கு அது வெகுதூரம் மற்றக் கற்களோடு மோதி மோதி வர வேண்டும், காற்றுக்கு அந்த அளவுக் கல்லைத் தூக்கிச் செல்லும் பலம் இல்லை. கல்லின் அளவை வைத்துக் கணக்குப் பார்த்தபோது, கணுக்காலுக்கும் இடுப்புக்கும் நடுவான ஆழத்தில், செக்கனுக்கு ஒரு மீற்றர் அளவு வேகத்தில் தண்ணீர் ஓடியிருக்க வேண்டும் என்று வந்தது. ஒரு மனிதர் மெல்ல நடக்கிற வேகம். அந்த ஓடையில் இறங்கி அக்கரைக்குப் போயிருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். பிள்ளைகள் "அங்கே மூச்சு எப்படி விடுறது, சேர்?" என்று கேட்டு அந்தச் சிலிர்ப்பைக் கெடுத்துவிடுவார்கள்.

ஜெசீரோ என்று அடிக்கடி சொல்கிறீர்கள், அங்கே என்ன விசேஷம்?

மூதூர்ப் பக்கம் போய் மகாவலி கொட்டியாரக் குடாவில் இறங்கும் இடத்தைப் பாருங்கள். 335 கிலோமீற்றர் ஓடிவந்த ஆறு, கடலைத் தொட்டதும் வேகம் இழக்கிறது. வேகம் இழந்த தண்ணீரால் சுமக்க முடியாது, முதலில் பருமணலைப் போடும், பிறகு பொடிமணல், கடைசியாகச் சேறு. இது எங்கே நடந்தாலும் இப்படித்தான் நடக்கும், ஏனென்றால் இது ஈர்ப்பும் ஓட்டமும் செய்யும் வேலை, நாட்டுக்கு நாடு மாறாது.

ஜெசீரோ என்பது செவ்வாயில் 45 கிலோமீற்றர் அகலமான ஒரு பள்ளம். அதன் விளிம்பை வெட்டிக்கொண்டு ஆறு உள்ளே வந்திருக்கிறது, வந்த இடத்தில் விசிறிபோல ஒரு கழிமுக மேடு. மற்றப் பக்கத்தில் தண்ணீர் வெளியேறிய வாயும் இருக்கிறது. அது முக்கியம், ஏனென்றால் நிரம்பி வழியாத ஏரிக்கு வெளிவாய் இருக்காது. இதை விண்ணிலிருந்தே பார்த்துவிட்டுத்தான் பெர்சவரன்ஸ் ஊர்தியை 2021 பெப்ரவரி 18இல் அங்கே இறக்கினார்கள். கொடியக் என்று பெயர் வைத்த ஒரு தனிக் குன்றின் பக்கவெட்டைப் படம் எடுத்தபோது, கீழே தட்டையான படைகள், நடுவில் சரிந்து இறங்கும் படைகள், மேலே மறுபடி தட்டையான படைகள் என்று, பாடப்புத்தகத்தில் கழிமுகத்துக்குப் போடும் படம் அப்படியே கல்லில் இருந்தது. அதற்கும் மேலே பெரிய பெரிய பாறாங்கற்கள். அமைதியாக ஓடிய ஆறு பிற்காலத்தில் திடீர் வெள்ளமாகப் பாய்ந்திருக்கிறது என்பதற்கு அவை சாட்சி.

எங்களுடைய கொட்டியாரத்தில் இப்படி அழகான விசிறி ஏன் இல்லை என்று ஒரு மாணவி கேட்டாள். குடாவுக்குள்ளேயே கடலடியில் ஆழமான ஒரு பள்ளத்தாக்குத் தொடங்குகிறது, மகாவலி கொண்டுவருவதில் ஒரு பகுதி அதற்குள் விழுந்து போய்விடும். ஜெசீரோவில் விழ இடமில்லை, அதனால் குவிந்தது.

சேறு வெடித்த அடையாளம் என்கிறார்களே, அது அவ்வளவு பெரிய விஷயமா?

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன். கந்தளாய்க் குளம் வற்றும் காலத்தில், ஓகஸ்ட் செப்டெம்பரில், கரையோரம் நடந்திருக்கிறீர்களா? சேறு காய்ந்து சுருங்கி வெடித்துக் கிடக்கும். ஈரமாக இருந்ததும் பிறகு காற்றுப் பட்டுக் காய்ந்ததும், இரண்டுமே அந்த ஒரு வெடிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. அதாவது தண்ணீர் இருந்தது என்பதை மட்டும் அல்ல, வற்றியது என்பதையும் அது சொல்கிறது.

குனிந்து, வெடிப்புகள் ஒன்றையொன்று சந்திக்கும் மூலைகளைப் பாருங்கள். முதல்தடவை காயும் சேற்றில் ஒரு வெடிப்பு நேராக ஓடும், இன்னொன்று வந்து அதில் செங்குத்தாக முட்டி நின்றுவிடும். மூலைகள் 90 பாகைக்குக் கிட்ட இருக்கும். அதே சேறு மறுபடி நனைந்து, மறுபடி காய்ந்து, மறுபடி நனைந்து என்று பலதடவை நடந்தால் அந்த மூலைகள் மெல்ல மெல்லத் தளர்ந்து, மூன்று வெடிப்பும் சமமாக 120 பாகையில் பிரியும் வடிவத்துக்கு வந்துவிடும். மேலிருந்து பார்த்தால் தேன்கூடுபோல அறுகோணங்கள்.

இப்போது செவ்வாய்க்கு வருவோம். கியூரியோசிட்டி கேல் பள்ளத்தில் முதலில் கண்ட காய்ந்த சேற்று வெடிப்புகளில் பெரும்பாலும் செங்குத்து முட்டல்கள்தான். 2021இல் மேலே ஏறிப் போனபோது பொன்டூர் என்று பெயரிட்ட இடத்தில், நாலு சென்ரிமீற்றர் அளவான சின்னச் சின்ன அறுகோணங்களைக் கண்டது. ஆராய்ச்சி 2023இல் வெளிவந்தது. அங்கே குளம் ஒரே ஒருதடவை வற்றியதோடு முடியவில்லை, மழைக்காலமும் வறட்சியும் மாறி மாறி வந்திருக்கின்றன. நம்ம ஊரில் மாரி, கோடை என்கிறோமே, அதைப்போல ஏதோ ஒரு சுற்று. 350 கோடி ஆண்டுக்கும் முந்திய பருவகாலத்தை ஒரு மூலையின் கோணத்தில் படிக்க முடிகிறது என்றால், கேத்திர கணிதம் எதற்கு என்று கேட்கிற என் மாணவர்களுக்கு வேறு பதில் தேவையில்லை.

அலை அடித்த தடம் உண்டா?

உண்டு. ஒரே திசையில் ஓடும் தண்ணீர் மணலில் போடும் வரிகள் ஒரு பக்கம் சரிந்திருக்கும், ஆழமில்லாத தண்ணீரில் அலை முன்னும் பின்னுமாக ஆட்டும்போது வரும் வரிகள் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருக்கும். இரண்டாவது வகை கேல் பள்ளத்தில் கல்லாகி நிற்கிறது. மேலே முழுக்கப் பனி மூடியிருந்தால் காற்றால் அலை எழுப்ப முடியாது, ஆகவே அங்கே தண்ணீர் வெளிக்காற்றைத் தொட்டுக்கொண்டு கிடந்திருக்கிறது.

உப்பு?

உப்பைப் பற்றி உப்புவெளியில் நின்றுகொண்டு பேசாமல் வேறெங்கே பேசுவது! நிலாவெளி உப்பளத்தில் வேலைசெய்தவர்களைக் கேளுங்கள், கடல்நீர் காயும்போது எல்லா உப்பும் ஒன்றாக இறங்காது. முதலில் சுண்ணாம்பு. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்காக வற்றும்போது ஜிப்சம். பத்தில் ஒரு பங்காகும்போதுதான் கறியுப்பு. கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் மக்னீசியம் உப்புகள் இருக்கும், அதை வடித்து ஊற்றிவிடுவார்கள். எந்த உப்புக்குமேல் எந்த உப்பு இருக்கிறது என்று பார்த்தால் வற்றிய கதையை வரிசையாகச் சொல்லலாம்.

கேல் பள்ளத்தின் நடுவில் ஷார்ப் மலை இருக்கிறது, சுமார் 5 கிலோமீற்றர் உயரம். அதன் அடிவாரத்தில் களிக்கனிமங்கள் உள்ள படைகள், மேலே ஏற ஏற மக்னீசியம் சல்பேற்று கலந்த படைகள். களி உருவாகத் தண்ணீர் நிறைய வேண்டும், சல்பேற்று உப்பு இறங்கத் தண்ணீர் வற்ற வேண்டும். மலையில் ஏறும்போது கிரகம் காய்ந்துபோவதைப் பார்த்துக்கொண்டே ஏறுகிறோம்.

ஒரு எச்சரிக்கை. ஒப்பர்சூனிட்டி ஊர்தி 2011இல் எண்டெவர் பள்ளத்தின் ஓரத்தில் கண்ட வெள்ளை ஜிப்சம் கீற்று, உப்பளத்தில் படிந்ததுபோலப் படிந்தது அல்ல. பாறை வெடிப்புக்குள் நிலத்தடி நீர் ஊறி, அங்கேயே ஜிப்சத்தை விட்டிருக்கிறது. உப்புக் கண்டதும் கடல் என்று பாயக்கூடாது.

செவ்வாயில் கண்ட அந்த "நீல நாவற்பழம்" என்ன?

ஆங்கிலத்தில் விஞ்ஞானிகள் புளூபெரி என்று வேறொரு பழத்தின் பெயரை வைத்தார்கள், நம்ம ஊரில் அந்தப் பழம் இல்லாததால் பிள்ளைகள் நாவற்பழம் ஆக்கிவிட்டார்கள். உண்மையில் சில மில்லிமீற்றர் அளவான சாம்பல் நிறக் குண்டுமணிகள், நிறம் மாற்றிய படங்களில்தான் நீலமாகத் தெரியும். ஒப்பர்சூனிட்டி 2004 சனவரியில் மெரிடியானி சமவெளியில் இறங்கியபோது, தற்செயலாக ஒரு சின்னப் பள்ளத்துக்குள்ளேயே போய் விழுந்தது, கண் திறந்ததும் எதிரே படைப்பாறையும் தரை முழுக்க இந்த மணிகளும். அவை ஹெமடைட், இரும்பும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமம். பாறைக்குள் ஊறிய நிலத்தடி நீரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரண்டவை. அதே பாறையில் ஜரோசைட் என்ற இரும்புச் சல்பேற்றும் இருந்தது, அது அமிலத் தண்ணீரில்தான் வரும். எனவே அங்கே இருந்தது குடிக்கிற தண்ணீர் இல்லை.

தரையில் ஏன் அவ்வளவு குவியல்? புல்மோட்டைக் கரையில் கறுப்பு மணல் ஏன் குவிகிறதோ ஏறக்குறைய அதே காரணம். அங்கே அலை இலேசான மணலை அரித்துக்கொண்டு போக, பாரமான இல்மனைட் மிஞ்சுகிறது. இங்கே காற்று மென்மையான பாறையைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரிக்க, கடினமான மணிகள் மிஞ்சின.

கன்னியா வெந்நீர்க் கிணறுபோல அங்கேயும் இருந்ததா?

இருந்தது என்றுதான் படுகிறது, கண்டுபிடித்த விதமும் வேடிக்கை. ஸ்பிரிட் ஊர்தியின் முன் சில்லு ஒன்று பழுதாகிச் சுற்றாமல் நின்றுவிட்டது, வேறு வழியில்லாமல் பின்பக்கமாக ஓட்டி, அந்தச் சில்லை இழுத்துக்கொண்டே திரிந்தார்கள். 2007இல் அது உழுத தடத்தில் வெள்ளை மண் வெளியே வந்தது. 90 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா. வெந்நீர் ஊற்றோ எரிமலை நீராவியோ பாறையைக் கரைத்தால்தான் இப்படி வரும். சில்லு நல்லாக இருந்திருந்தால் மேலால் ஓடிப் போயிருப்பார்கள்.

செவ்வாய் சிவப்பாக இருப்பது துருதானே? துருவுக்குத் தண்ணீர் வேண்டுமே?

துருதான், ஆனால் அது மேற்தோல். 2013 பெப்ரவரியில் கியூரியோசிட்டி முதல்தடவை பாறையைத் துளைத்தபோது வெளியே வந்த மா சாம்பல் நிறம். சிவப்பை மட்டும் வைத்து ஏரியைக் கற்பனை செய்ய வேண்டாம்.

அந்தத் தண்ணீர் எல்லாம் எங்கே போனது?

மூன்று வழி. ஒரு பங்கு பனியாக இன்னும் அங்கேயே, துருவங்களிலும் மண்ணுக்கடியிலும் இருக்கிறது. ஒரு பங்கு களிக்கும் உப்புக்கும் உள்ளே கனிமத்தோடு கனிமமாகப் பூட்டுப்பட்டுவிட்டது. மிச்சம் விண்வெளிக்குப் போனது. செவ்வாய்க்கு ஈர்ப்பு நம்முடையதில் 38 சதவீதம்தான், பூமிக்கு இருப்பதுபோன்ற காந்தக் கவசமும் வெகுகாலத்துக்கு முன்பே போய்விட்டது, சூரியனிலிருந்து பாயும் துகள்கள், சூரியக் காற்று என்பார்கள், வளிமண்டலத்தை உரித்தன. 2014இல் போய்ச் சேர்ந்த மேவன் விண்கலம் இந்த இழப்பு இன்றும் நடப்பதை அளந்திருக்கிறது. இரசாயனக்காரனுக்குப் பிடித்த சான்று இன்னொன்று: நீராவி உடைந்து ஐதரசன் தப்பும்போது இலேசான ஐதரசன் முந்திக்கொள்ளும், டியூட்டீரியம் என்ற பாரமான ஐதரசன் பின்தங்கும். செவ்வாயின் காற்றில் டியூட்டீரியத்தின் பங்கு பூமியின் கடல்நீரில் இருப்பதைவிட ஐந்து ஆறு மடங்கு. அவ்வளவு தண்ணீர் தப்பிப் போயிருக்கிறது.

இப்போதும் ஓடுகிறதாமே, செய்தியில் பார்த்தேனே?

2015இல் வந்த செய்தியைச் சொல்கிறீர்கள். சரிவுகளில் வெயில்காலத்தில் கருங்கோடுகள் நீண்டு, குளிரில் மறைந்தன, உப்புத் தண்ணீர் கசிகிறது என்றார்கள், நானும் வகுப்பில் பெருமையாகச் சொல்லிவிட்டேன். 2017இல் சரிவின் சாய்வுகளை அளந்து பார்த்தபோது, அந்தக் கோடுகள் உலர்ந்த மணல் தானாகச் சரியக்கூடிய செங்குத்தான இடங்களில்தான் இருந்தன, சாய்வு குறைந்ததும் நின்றுவிட்டன. தண்ணீர் என்றால் இன்னும் கொஞ்சத் தூரம் ஓடியிருக்குமே? வகுப்பில் போய், போன வருடங்களில் சொன்னது பிழை என்று சொன்னேன். நான் சொன்ன ஒற்றை அடையாளப் பிரச்சினை இதுதான். காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத இடத்தில் திரவத் தண்ணீர் நிலைத்து நிற்பது கடினம். பனி வேறு கதை: 2008இல் பீனிக்ஸ் கலம் தோண்டிய குழியில் வெள்ளைக் கட்டிகள் தெரிந்தன, நாலு நாளில் உருகாமலே ஆவியாகிக் காணாமல் போயின.

பெருங்கடல்?

வடக்கே பெரிய தாழ்நிலம் இருக்கிறது, கடல் இருந்திருக்கலாம் என்று ஒரு தரப்பு, கரைக்கோடு என்று சொல்வது ஒரே மட்டத்தில் இல்லையே என்று மறுதரப்பு. சண்டை தீரவில்லை. நான் ஏரிகள் வரைக்கும் கையெழுத்துப் போடுவேன், கடலுக்கு இப்போதைக்கு இல்லை.

இவ்வளவு பழைய தடம் எப்படி அழியாமல் இருக்கிறது?

கோணேசர் மலையில் நின்று கீழே பாறையைப் பாருங்கள். இலங்கையின் பெரும்பாலான அடிப்பாறை ஏறக்குறைய 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறியது. அதற்கு முன் அதில் ஆற்று மணல் வரியோ சேற்று வெடிப்போ இருந்திருந்தாலும் பெரும்பாலும் அப்போதே போயிருக்கும். பூமி தன் பழைய ஏட்டைத் திரும்பத் திரும்ப அடுப்பில் போடுகிறது. செவ்வாயில் நகரும் நிலத்தட்டுகள் இல்லை, பிற்காலத்தில் மழையும் இல்லை. அதனால் 350 கோடி ஆண்டுக் கதையைப் படிக்கப் பூமியைவிட அங்கே வசதி.

அப்போ உயிர் இருந்ததா?

தண்ணீர் இருந்தது வேறு, உயிர் இருந்தது வேறு. பெர்சவரன்ஸ் 2024இல் ஜெசீரோவுக்குள் வந்த பழைய ஆற்றுத் தடத்தில், சிறுத்தைப் புள்ளிபோன்ற அடையாளங்கள் உள்ள ஒரு சேற்றுப் பாறையைக் கண்டு மாதிரி எடுத்திருக்கிறது. பூமியில் அத்தகைய புள்ளிகளை நுண்ணுயிரும் உண்டாக்கும், உயிரில்லாத இரசாயனமும் உண்டாக்கக்கூடும். மாதிரி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்ததாக எப்போது காட்டுவீர்கள்?

செவ்வாய் ஏறத்தாழ 26 மாதத்துக்கு ஒருதடவை கிட்ட வரும். அடுத்தது 2027 பெப்ரவரி நடுப்பகுதி, பத்துக் கோடி கிலோமீற்றர் தூரம், போனமுறையைவிடக் கொஞ்சம் சின்னதாகத் தெரியும். ஆனால் பெப்ரவரியில் மாரி ஓய்ந்துவிடும், அதனால் வானம் கைகொடுக்கும். டோர்ச் கொண்டுவருகிறவர்கள் கண்ணாடிக்குச் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு வாருங்கள், தொலைநோக்கிக்குப் பக்கத்தில் மணலை உதைக்காதீர்கள். கந்தளாயிலிருந்து வருகிறவர்கள் யாராவது குளத்தங்கரைக் காய்ந்த சேற்றில் ஒரு பெரிய தகட்டை உடையாமல் எடுத்துவந்தால், மூலைகளை அங்கேயே அளந்து பார்க்கலாம், பாகைமானி நான் கொண்டுவருகிறேன்.